மஞ்சள் சீட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் நாலாம் வகுப்பு டீச்சரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். ஒன்பது வருடமாகப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அவள்தான் பொறுப்பு. மாதத்தில் ஒரு நாள் மணியை விடாமல் அடிப்பார்கள். பிள்ளைகள் புத்தகப் பையைத் தொடாமல், பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு இறங்க வேண்டும். டீச்சர் கழுத்தில் விசிலும் கையில் பதிவேடுமாக நடுவில் நிற்பாள். வகுப்பு வாரியாக எண்ணி, முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று, ஒன்று கூடாமல் குறையாமல் தலைமையாசிரியையிடம் கொடுப்பாள். பிள்ளைகளுக்கு அது ஒரு தண்டனை மாதிரி. டீச்சருக்கு மாதத்திலேயே நல்ல நாள் அதுதான்.

சிக் ரூமுக்கான விதியை எழுதியதும் அவளே. உடம்பு சரியில்லை என்று ஒரு பிள்ளை அங்கே போய்ப் படுத்தால், ஆயாம்மா உடனே மஞ்சள் சீட்டில் பெயர் எழுதி வகுப்பு டீச்சரிடம் கொடுக்க வேண்டும். மணி அடித்தால் அந்தச் சீட்டுதான் முதலில் தலைமையாசிரியை கைக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டீச்சரின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரே மகள், பேச்சு சுருதி ஏறினால் காது கிழியும் என்பதால் வீட்டில் அவளுக்குக் கீச்சு என்று பேர். பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே பிரிவுதான், ஆகவே கீச்சு படித்ததும் அம்மாவின் வகுப்பில்தான். காலை எட்டரைக்கு வாசல் தாண்டினால் 'மிஸ்', மாலை நாலுக்குத் திரும்பி வந்தால் 'அம்மா'.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வந்தாள்.

கணவருக்கு ஒரே தங்கை. தீயணைப்புத் துறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, பிறகு பேரிடர் பயிற்சி மையத்தில் சேர்ந்தவள். இந்த ஊர்ப் பள்ளிகளில் மூன்று மாதம் பயிற்சி நடத்த அவளை அனுப்பியிருந்தார்கள். அண்ணன் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்று இரண்டு பெட்டியும், மேடையில் புகை விடுகிற இயந்திரம் ஒன்றுமாக வந்து இறங்கினாள்.

"இனிமே நம்ம வீட்ல தீப்பிடிச்சா அணைக்க ஆள் ரெடி" என்றார் கணவர், வாயெல்லாம் பல்லாக.

பற்ற வைக்கவும்தான் ஆள் ரெடி என்று டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது அது வெறும் கிண்டல்தான்.

முதல் வாரமே பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. சைரன் மாதிரியே ஊளையிட்டுக் காட்டுவாள் என்பதால் சைரன் அக்கா. நிலநடுக்கம் என்றால் என்ன என்று கரும்பலகையில் அவள் எழுதவில்லை. நாற்காலியில் ஏறி நின்று உடம்பைக் குலுக்கி, "பூமி தும்முது, எல்லாரும் மேஜைக்கு அடியில!" என்றாள். தரையில் போர்வையை விரித்து, அதுதான் புகை என்று சொல்லி, பிள்ளைகளைத் தவழ்ந்து வரச் செய்தாள். கதவு சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, கதவிடுக்கில் ஈரத்துணி அடைப்பது, ஜன்னலில் எதையாவது ஆட்டிக் காட்டுவது எல்லாமே விளையாட்டாக வந்தது. இரண்டாம் வகுப்பு வாண்டுகள்கூட வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்களாம். இடைவேளையில் பெற்றோர்கள் வந்து டீச்சரிடமே சொன்னார்கள்: "உங்க நாத்தனாராமே! என்னமா சொல்லித் தர்றாங்க!"

"ஆமாங்க" என்று சிரிப்பாள் டீச்சர். ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் வந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு மாலை பள்ளி முடிந்து கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் ஆள் இல்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்தால் கணவர், மகள், நாத்தனார் மூவரும் மேஜைக் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். லிஃப்ட் லிஃப்டாக ஏறி இறங்கி முதுகு போச்சு என்று தினமும் புலம்புகிற மனுஷன், நாலாக மடிந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பூமி தும்முது! சீக்கிரம் உள்ள வா!" என்றாள் கீச்சு.

"இடம் எங்கடி இருக்கு?"

"நகந்துக்கலாம் அண்ணி, வாங்க" என்றாள் நாத்தனார்.

"வேண்டாம். எனக்கு வேலை இருக்கு."

சமையலறைக்குப் போய்க் காய்கறிப் பையைத் தொப்பென்று வைத்தாள். கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு இன்னும் ஓய்ந்தபாடில்லை. வயிற்றில் ஏதோ காந்தியது. வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் கேட்க மாட்டார்கள் அல்லவா.

அதற்குப் பிறகு அவளுக்கு எதைப் பார்த்தாலும் குற்றமாகப் பட்டது. நாத்தனார் குளித்துவிட்டு வந்தால் தரையெல்லாம் தண்ணீர். சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. காலணியை வாசலில் நேராக வைப்பதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று வெளியே எதுவும் காட்டிக்கொள்ளாமல், டீயை மட்டும் கொஞ்சம் ஆறவிட்டுக் கொடுத்தாள். நாத்தனார் அதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அண்ணி டீன்னா டீதான்" என்று கோப்பையைக் கழுவி வைத்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மாதம் வகுப்பில் 'எனக்குப் பிடித்தவர்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தாள். முப்பத்திரண்டு தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் பத்தொன்பது தாளில் சைரன் அக்கா. இருபதாவதாக வந்தது கீச்சுவின் தாள். 'என் அத்தைக்குப் பயமே கிடையாது. பயந்தாலும் அவர் யோசிப்பார். நானும் வளர்ந்து அத்தை மாதிரி ஆவேன்.' டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். அம்மா என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. 'அம்மா திட்டினால் அத்தை என்னை மாடிக்குக் கூட்டிப்போவார்' என்ற வரியில். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. சிவப்பு மையில் இரண்டையும் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மறுநாள் ஆசிரியர் கூட்டம். வியாழக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார், புது முறைப்படி பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் எல்லாப் பள்ளிக்கும் அதுவே என்றார் தலைமையாசிரியை. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "டீச்சர், அன்னைக்கு விசிலை அவங்ககிட்ட குடுத்துடுங்க. இனிமே அவங்க முறைதானே" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டினாள்.

நாத்தனார் எழுந்து விளக்கினாள். நிஜமாகவே பூமி ஆடினால் டீச்சருக்கே அடிபடலாம், யார் எண்ணுவது? அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. மைதானத்துக்கு வந்ததும் ஜோடியோடு கையைக் கோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். ஜோடி இல்லாத பிள்ளை கத்த வேண்டும். டீச்சர்கள் எண்ணித் தாள் கொடுப்பது அதற்குப் பிறகு.

"அப்போ இத்தனை வருஷம் நாங்க செஞ்சது?" என்று கேட்டாள் டீச்சர். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி ரொம்ப ஒழுங்கா பண்ணிட்டிருந்தாங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள் நாத்தனார். "ஆனா அது அணிவகுப்பு. கொடி மட்டும்தான் பாக்கி."

ஆசிரியர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். குடும்பத்துக்குள் பேசுகிற கேலிதான், மனதில் விஷம் கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும். தெரிந்தும் காது மடல் வரை சூடேறியது. அன்று முழுக்க அந்தச் சிரிப்பு அவளோடேயே வகுப்பு வகுப்பாக நடந்தது.

வியாழக்கிழமை வந்தது.

அந்த வாரம் ஏதோ ஒரு நாள் பயிற்சி இருக்கும் என்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லவில்லை. புகையைப் பற்றி மூச்சே விடவில்லை. மேற்குப் படிக்கட்டின் அடியில் புகை இயந்திரத்தை வைத்துவிட்டு, மையத்து வண்டி ஓட்டுநர் பக்கத்தில் காத்திருந்தார். மேற்கில் புகை என்று கண்டால் பிள்ளைகள் தாங்களாகவே கிழக்குப் படிக்கட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் சோதனை.

பத்தே முக்காலுக்கு, நாலாம் வகுப்பில் பஞ்சு தலையை மேஜையில் சாய்த்தாள். ஊதினால் பறந்துவிடுவாள் போல ஒல்லியாக இருப்பதால் பஞ்சு. அவள் அம்மா தையல்காரி. கீச்சுவின் ஜோடி அவள்தான்.

"தலை வலிக்குது மிஸ்."

தொட்டுப் பார்த்தாள், நெற்றி கொதித்தது. ஆயாம்மாவைக் கூப்பிட்டு முதல் மாடியில் இருக்கும் சிக் ரூமுக்கு அனுப்பினாள். மேற்குப் படிக்கட்டை ஒட்டிய அறை அது. சற்று நேரத்தில் ஆயாம்மா மஞ்சள் சீட்டோடு வந்தாள். "படுக்க வச்சுட்டேன், கண்ணை மூடிட்டா. என்னை வாசல் கேட்டுக்கு வரச் சொல்றாங்க டீச்சர், போய்ட்டு வந்துடறேன்." டீச்சர் சீட்டைப் பதிவேட்டுக்குள் வைத்தாள். கொடுக்கத்தான் வைத்தாள். இதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்த நிமிஷம் வரைக்கும் அவள் மனதில் கள்ளம் இல்லை.

பதினொன்று அடித்து ஐந்து நிமிடத்தில் சைரன் ஊளையிட்டது. பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போல் மேஜைக்கு அடியில் போனார்கள். சைரன் நின்று மணி அடித்ததும் எழுந்தார்கள். மேற்குப் பக்கம் வெள்ளையாகப் புகை ஏறி வருவதைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்கள். உடனே யாரோ "கிழக்கு! கிழக்கு!" என்று கத்த, மொத்த வரிசையும் வாலே தலையாகத் திரும்பியது. தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை. டீச்சர் பின்னால் நடந்தபடி பார்த்தாள். அவளுடைய ஒன்பது வருடத்தில் பிள்ளைகள் இப்படி ஒரு முறைகூட யோசித்து நடந்ததில்லை. அது நன்றாகவே தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை.

மைதானத்தில் வரிசை நின்றது. அதிகாரி கையில் நேரம் பார்க்கிற கடிகாரம். பக்கத்தில் தலைமையாசிரியை. நடுவில், டீச்சர் ஒன்பது வருடம் நின்ற அதே இடத்தில், நாத்தனார்.

கீச்சு திரும்பிப் பார்த்தாள். "மிஸ், பஞ்சு இல்லையே. நான் கத்தணுமா?"

"வேண்டாம். சீட்டு என்கிட்ட இருக்கு. நீ முன்னாடி ஜோடியோட சேந்துக்கோ."

கீச்சு மூன்றாவது கையாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இப்போது டீச்சர் செய்ய வேண்டியது இருபது அடி நடந்து சீட்டைக் கொடுப்பதுதான். அவள் நடக்கவில்லை. மைதானம் முழுக்கக் கோத்த கைகள் உயர்ந்தன. நாத்தனார் ஒரு சுற்றுப் பார்த்தாள். எண்ணிக்கைத் தாள்கள் வரும் வரை அவள் பொறுத்திருக்க வேண்டும். அதிகாரி நிற்கிற உற்சாகத்தில் பொறுக்கவில்லை.

"மூணு நிமிஷம் நாப்பது செகண்ட்! எல்லாரும் வெளியே!"

அதிகாரி கைதட்டினார், மைதானமே சேர்ந்து தட்டியது. தலைமையாசிரியை முகம் மலர்ந்தது. டீச்சரின் விரல் பதிவேட்டுக்குள் சீட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள். அதிகாரி பேனாவை எடுக்கட்டும். 'எல்லாரும் வெளியே' என்று எழுதட்டும். எழுதி முடித்ததும் நிதானமாகப் போய், ஒரு பிள்ளை மேலே இருக்கிறதே, உங்கள் புது முறையில் அது வரவில்லையா என்று கேட்டால் போதும். புகை வெறும் மேடைப் புகை, ஒன்றும் செய்யாது. பஞ்சு தூங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்?

அதிகாரி பேனாவை எடுத்தார். சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு நிமிஷம் நாலு ஆனது, ஐந்து ஆனது. டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தாள். அத்தனை இனிப்பான காத்திருப்பை அவள் அனுபவித்ததில்லை.

அதற்குள் இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான் சிக்கிக்கொண்டதாக ஓட்டுநர் படிக்கட்டு அடியிலிருந்து கையை ஆட்டினார். முதல் மாடி ஜன்னல்களில் புகை கொத்துக்கொத்தாக வெளியே வந்தது. கீச்சு அண்ணாந்து பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோத்திருந்த கையை உதறிவிட்டுக் கீச்சு ஓடினாள். அம்மாவைத் தாண்டி ஓடினாள்.

"அத்தை! என் ஜோடி மேல இருக்கா! சிக் ரூம்ல இருக்கா!"

அந்தக் குரல் மைதானத்தின் மூலை வரைக்கும் கிழித்துக்கொண்டு போனது. நாத்தனாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தாள். டீச்சருக்கும் அப்போதுதான் உடம்பு அசைந்தது. பதிவேட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். ஓடும்போது மேலே பார்த்தாள். சிக் ரூம் ஜன்னலில் ஒரு தலையணை உறை ஆடிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடியும் ஆடியது.

மேலே புகையில் ஒன்றும் தெரியவில்லை. நாத்தனார் சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். கீழே அடைத்திருந்த ஈரப் போர்வை தடுத்தது.

"பஞ்சு! அக்காடா. இது பொய்ப் புகை. தீ இல்ல. கதவைத் திற."

போர்வை இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள், பாதி அறையிலிருந்த குடத்துத் தண்ணீர், பாதி பயத்தில் போனது. பல் தந்தியடித்தது.

"எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே செஞ்சேன்" என்றாள். பிறகு, "கீழ எல்லாரும் கைதட்டினது கேட்டுச்சு. என்னை விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

நாத்தனார் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். டீச்சர் கையை நீட்டினாள். "வாம்மா, மிஸ்கிட்ட வா." பஞ்சு திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் நாத்தனாரின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரத்திலும், அந்தப் புகைக்குள்ளும், டீச்சருக்கு வயிறு எரிந்தது. என் வகுப்புப் பிள்ளை, என்னிடம் வரவில்லையே என்று எரிந்தது. பின்னாளில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபோதும் இந்த ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தலைமையாசிரியை அறையில் விசாரணை நடந்தது.

"தாள் வர்றதுக்கு முன்னாடியே அறிவிச்சது என் தப்பு" என்றாள் நாத்தனார். "எல்லா ரூமையும் பார்த்துட்டுத்தான் புகையைப் போடச் சொல்லியிருக்கணும். அதுவும் என் தப்பு." அதிகாரி குறித்துக்கொண்டார்.

தலைமையாசிரியை ஆயாம்மா பக்கம் திரும்பினார். "சீட்டு எழுதினியா?"

"எழுதினேன்மா. டீச்சர் கையிலதான் குடுத்தேன்."

"டீச்சர் கையில குடுத்திருந்தா டீச்சர் என்கிட்ட குடுத்திருப்பாங்க. ஒன்பது வருஷத்துல ஒரு சீட்டு தவறினது கிடையாது. பொய் சொல்லாத."

ஆயாம்மா டீச்சரைப் பார்த்தாள். கண் கலங்கி நின்றாளே தவிர எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

மைதானத்திலிருந்து எடுத்து வந்த பதிவேட்டைத் திறந்து, டீச்சர் சீட்டை மேஜைமேல் வைத்தாள். "குடுத்தாங்க. என்கிட்டதான் இருந்துச்சு."

"பதட்டத்துல மறந்துட்டீங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. ஏறக்குறைய கெஞ்சுகிற குரல்.

"ஆமா. மறந்துட்டேன்."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நாத்தனார் மட்டும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, கீச்சு எல்லாத்தையும் சொல்லிட்டா. கத்தணுமான்னு உங்ககிட்ட கேட்டாளாமே."

டீச்சர் டீத்தூளைத் தண்ணீரில் போட்டாள்.

"மறக்கலை, இல்லையா?"

"இல்ல."

"நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணலை" என்றாள் டீச்சர். உண்மையும் அதுதான். "எல்லாத்தையும் நீ சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்ட. எடுத்துக்கிறேன்னு உனக்கே தெரியலை. அதான்."

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே! வீட்டை விட்டுப் போன்னு சொல்லியிருக்கலாமே! அந்தக் குழந்தை பன்னிரண்டு நிமிஷம் தனியா நின்னுச்சு அண்ணி. சாகப் போறோம்னு நெனச்சுக்கிட்டு நின்னுச்சு." குரல் உடைந்தது. "உங்க மேல எனக்குப் பரிதாபமே வரலை. வரும்னு நெனச்சேன். வரலை."

அன்று மாலையே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மையத்து விடுதிக்குப் போய்விட்டாள். என்ன ஆச்சு, ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று கணவர் இருவரையும் மாறி மாறிக் கேட்டார். டீச்சர் உட்கார வைத்துச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நீயா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நாலு நாள் அவளோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை டீச்சர் பஞ்சுவின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் இயந்திரம். பஞ்சு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சைரன் அக்கா மேல யாரும் கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்களா? உங்க நாத்தனார் நேத்தே வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க" என்றாள் தையல்காரி.

"தப்பு அவங்களுது இல்ல. சீட்டு என்கிட்ட இருந்துச்சு. வேணும்னேதான் குடுக்கலை. அவங்களுக்குக் கெட்ட பேர் வரணும்னு."

தையல்காரி துணியை ஊசிக்கு அடியிலிருந்து உருவினாள். வெகுநேரம் அதையே மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் கதவைச் சாத்த விடலை. குளிக்கப் போனாலும் நான் வாசல்ல நிக்கணும். நீங்க டீச்சர். உங்களை நம்பித்தான் காலையில கையை விட்டுட்டு வர்றேன்." எழுந்து வாசலைக் காட்டினாள். "போங்க. இன்னும் நின்னீங்கன்னா வாய்ல ஏதாவது வந்துடும்."

அங்கிருந்து நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள். மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆயாம்மாவிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாள். ஒரு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். திரும்பி வந்தபோது நாலாம் வகுப்பு வேறு ஒருவரிடம் போயிருந்தது. இவளுக்கு நூலகமும், பிள்ளைகளின் நோட்டில் பிழை திருத்தமும். பாதுகாப்புப் பொறுப்பு எந்தக் காலத்திலும் கிடையாது என்று உத்தரவில் தனியாக ஒரு வரி. ஆசிரியர் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். தனக்கு இது வேண்டியதுதான் என்று பொறுத்துக்கொண்டாள்.

புது முறை எல்லாப் பள்ளிக்கும் போனது. சிக் ரூமைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று குரல் வந்த பிறகுதான் சைரனே ஒலிக்க வேண்டும் என்று நாத்தனார் அதில் சேர்த்திருந்தாள். பஞ்சுவை அவள்தான் மெல்ல மெல்லத் தேற்றினாள். வாரம் இரண்டு நாள் அவள் வீட்டுக்குப் போய், புகை இயந்திரத்தைக் கழற்றிக் காட்டி, உள்ளே வெறும் தண்ணீரும் ஒரு திரவமும்தான் என்று பஞ்சுவையே பொத்தானை அழுத்தவைத்தாள். இரண்டு மாதத்தில் அவள் கதவைச் சாத்திக் குளித்தாள் என்று ஆயாம்மா வந்து நூலகத்தில் சொன்னாள். டீச்சர் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். நெஞ்சு லேசானது. கூடவே, இதையும் அவளே செய்துவிட்டாள் என்று பழைய காந்தலும் எட்டிப் பார்த்தது.

வீட்டில் கீச்சு தேவைக்கு மட்டும் பேசினாள். அந்தச் சுருதி கேட்காமல் வீடே ஏதோ பழுதான மாதிரி இருந்தது. ஒரு நாள் தலை பின்னிவிடும்போது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தெரிஞ்சேதான் நின்னியாம்மா?"

"ஆமாடி."

"ஏன்?"

"உங்க அத்தை தோக்கணும்னு நெனச்சேன்."

கீச்சு யோசித்தாள். "அத்தை ஒண்ணும் தோக்கலையே. பஞ்சுதான் பயந்தா."

"ஆமா."

"எனக்கும்தான் பயம். உன்னைத் தாண்டி ஓடறப்போ ரொம்பப் பயமா இருந்துச்சு. நீ அடிப்பேன்னு நெனச்சேன்."

டீச்சரின் கை பின்னலில் நின்றது. "நீ ஓடினதுதான்டி சரி" என்றாள். கீச்சு தலையை விலக்கிக்கொள்ளவில்லை.

ஆண்டு விடுமுறைக்கு நாத்தனார் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னாள்: அவள் இப்போது இருக்கும் ஊரில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம், கீச்சுவை அனுப்பினால் பஞ்சுவையும் கூட்டிப்போகலாம். அண்ணியைக் கேட்டுச் சொல் என்று கடைசியில் சேர்த்தாளாம். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் வாயில் அண்ணி என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

கணவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார். டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பத்து நாள். பத்து நாளும் அத்தை, அத்தை என்று. திரும்பி வந்தால் இன்னும் ஒரு மாதம் அதே பேச்சு.

"போகட்டும்" என்றாள்.

கிளம்புகிற அன்று பேருந்து நிலையத்தில் தையல்காரி பஞ்சுவோடு நின்றிருந்தாள். டீச்சரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அந்த அளவுக்கு வந்ததே பெரிது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த நாத்தனார் வண்டியிலிருந்து இறங்கினாள். கீச்சு "அத்தை!" என்று கூவிக்கொண்டு ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சுருதி நாலு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்திருந்தது. நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சருக்கு எரிந்தது. கொஞ்சமும் குறையாமல், அன்று சமையலறையில் எரிந்த மாதிரியே எரிந்தது. ஒருநாள் இது அடங்கிவிடும் என்று அவள் காத்திருந்தாள், இனி அந்த நம்பிக்கையும் அவளுக்கு இல்லை.

பையை எடுத்துக்கொண்டு போய் நாத்தனாரிடம் நீட்டினாள். "ராத்திரி போர்வையை உதைச்சுத் தள்ளிடுவா. சளி பிடிக்கும். பார்த்துக்கோ."

"பார்த்துக்கறேன் அண்ணி."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பேருந்து கிளம்பியது. கீச்சு ஜன்னல் வழியாக ஏதோ கத்தினாள், இரைச்சலில் கேட்கவில்லை. டீச்சர் கேட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு நடந்தாள்.